"ஜெபிச்சுட்டுச் சொல்றோம்": தாம்பரம் 1938, பல்லாவரம் 1941

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்கு நீங்க ஒரு வரன் கொண்டு போனா, காபி குடிச்சு முடிச்சதும் அந்த வீட்டுப் பெரியவங்க சொல்ற ஒரு வாக்கியம் இருக்கு: "ஜெபிச்சுட்டுச் சொல்றோம்." சில சமயம் அதுக்கு "வேண்டாம்"னுதான் அர்த்தம். மரியாதையா சொல்றாங்க, அவ்வளவுதான். ஆனா பல வீடுகள்ல நிஜமாவே அன்னைக்கு ராத்திரி முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணுவாங்க. வேலை மாறலாமா, வீடு வாங்கலாமா, யாரைக் கட்டிக்கலாம்... முடிவு நம்மளோடது இல்ல, கர்த்தர் நடத்துற வழியில போவோம்ங்கிற எண்ணம்.

சரி, அவர் நடத்துறார்னு எப்படித் தெரியும்? ரெண்டு பேர் ஒரே மாதிரி உண்மையா ஜெபிச்சு, நேரெதிர் பதிலோட எழுந்து வந்தா என்ன செய்றது? இது ஒண்ணும் கற்பனைக் கேள்வி இல்ல. நம்ம புறநகர் ரயில் பாதையில, மூணே ஸ்டேஷன் இடைவெளியில, மூணு வருஷத்துக்குள்ள நடந்த ரெண்டு விஷயத்துல இந்தக் கேள்வி இருக்கு.

முதல்ல தாம்பரம், 1938 டிசம்பர். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, நம்ம எம்.சி.சி., பாரிமுனைப் பக்கத்துல இருந்து தாம்பரத்துக்குக் குடிவந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் எல்லாம் புதுசு. கிறிஸ்துமஸ் லீவு, அதனால அறைகள் காலி. அங்கதான் டிசம்பர் 12-லிருந்து 29 வரைக்கும் சர்வதேச மிஷனரி கவுன்சிலோட உலக மாநாடு நடந்தது. கிட்டத்தட்ட 70 நாடுகள், 470 பேருக்கு மேல. அதுல பாதிக்கும் அதிகமானவங்க ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில இருந்து வந்தவங்க. அதுவரைக்கும் இந்த மாதிரி மாநாடுகள்ல வெள்ளைக்காரங்க பேசுவாங்க, மத்தவங்க கேட்டுக்கிட்டு இருப்பாங்க. அந்த நிலைமை இங்க மாறுச்சு. தென்னாப்பிரிக்காவில இருந்து வந்தவங்கள்ல ஒருத்தர் ஆல்பர்ட் லுதூலி. பின்னால 1960-க்கான நோபல் அமைதிப் பரிசு வாங்கினவர்.

இந்த மாநாடு முதல்ல தாம்பரத்துக்குத் திட்டமிட்டதே இல்ல. சீனாவில ஹாங்சோ நகரத்துல நடக்கணும்னுதான் ஏற்பாடு. 1937-ல ஜப்பான் சீனாமேல படையெடுத்ததால இடம் மாறுச்சு. ஆனா ரெண்டு நாட்டுக்காரங்களும் இங்க வந்தாங்க. சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கின வூ யீஃபாங், நான்ஜிங்ல இருந்த ஜின்லிங் மகளிர் கல்லூரியோட தலைவர். முந்தின டிசம்பர்ல நான்ஜிங் படுகொலை நடந்தப்போ, அவங்க கல்லூரி வளாகத்துலதான் ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் உயிருக்குப் பயந்து ஒளிஞ்சிருந்தாங்க. ஒரே வருஷம்தான் ஆகியிருக்கு. அந்த வளாகத்தோட தலைவரும், படையெடுத்த நாட்டுல இருந்து வந்த கிறிஸ்தவங்களும் தாம்பரத்துல ஒரே கூரைக்குக் கீழ ஆராதனை செய்றாங்க. ஜெபம்னா மனசுக்கு நிம்மதி தர்ற விஷயம்னு மட்டும் நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அந்த அறையில கண்ணை மூடுறது சுலபமா இருந்திருக்காது.

மாநாட்டுல இருந்த தமிழர்கள்ல முக்கியமானவர் பிஷப் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலி வெள்ளாளன்விளைக்காரர், எம்.சி.சி.யில படிச்சவர், 1912-ல முதல் இந்திய ஆங்கிலிகன் பிஷப் ஆனவர். அவர் மனசுல இருபது வருஷமா ஒரே பாரம். 1919-ல தரங்கம்பாடியில சில போதகர்கள் கூடி, ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன்னு பிரிஞ்சு கிடக்கிற தென்னிந்தியச் சபைகள் ஒண்ணாகணும்னு முடிவெடுத்தாங்க. அதுல முன்னாடி நின்னவர் அசரியா. அப்புறம்? கமிட்டி, அறிக்கை, திருத்தம், ஓட்டெடுப்பு, மறுபடியும் கமிட்டி. சலிப்பா இருக்கா? அவங்களுக்கும் இருந்திருக்கும். ஆனா கடவுள் நடத்துறார்னு நம்பினதாலதான் அவங்க அந்த மேஜையை விட்டு எழுந்துபோகல.

இப்போ தாம்பரத்துல மின்சார ரயில் ஏறுங்க (1931-லேயே ஓட ஆரம்பிச்சுடுச்சு). சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். வருஷம் 1941.

பக்த் சிங். 1903-ல பஞ்சாப்ல ஒரு சீக்கியக் குடும்பத்துல பிறந்தவர். இளவயசுல கையில கிடைச்ச பைபிளைக் கிழிச்சுப் போட்டுட்டு, நல்லா இருக்கேன்னு தோல் அட்டையை மட்டும் வச்சுக்கிட்டவர். லண்டன்ல இன்ஜினியரிங் படிச்சார், அப்புறம் கனடா போனார். 1929 டிசம்பர்ல வின்னிபெக்ல, அதே பைபிளைப் படிச்சு கிறிஸ்தவரானார். 1932-ல வான்கூவர்ல ஞானஸ்நானம். ஊழியத்துக்குப் போகணும்னு தீர்மானிச்சப்போ கடவுள் தனக்குச் சில நிபந்தனை வச்சார்னு அவரே தன் சாட்சியில சொல்லியிருக்கார். குடும்பச் சொத்துல உரிமை கேட்கக் கூடாது. எந்தச் சங்கத்துலயும் சேரக் கூடாது, எல்லாருக்கும் சமமா ஊழியம் செய்யணும். சொந்தமா திட்டம் போடக் கூடாது, ஒவ்வொரு நாளும் வழிநடத்துதலுக்குக் காத்திருக்கணும். பணத் தேவையை மனுஷங்ககிட்ட சொல்லாம ஜெபத்துல மட்டும் சொல்றதும் அவரோட வழக்கமாச்சு.

1933-ல பம்பாய் வந்து இறங்கினார். பெற்றோர் பார்க்க வந்தாங்க. குடும்ப மானத்துக்காக, மதம் மாறினதை வெளிய சொல்லாம இருன்னு கேட்டாங்க. முடியாதுன்னார். அவங்க திரும்பிப் போயிட்டாங்க. அர்ப்பணிப்புனு பாட்டுல பாடுறது வேற, துறைமுகத்துல அப்பா அம்மா திரும்பிப் போறதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறது வேற.

மெட்ராஸ்ல அவர் பிரசங்கத்துக்கு ஆயிரக்கணக்குல கூட்டம் சேர்ந்தது. சபைகள் கூப்பிட்டுப் பேசச் சொன்னாங்க. ஆனா புதுசா நம்பிக்கைக்கு வந்தவங்க முழுக்கு ஞானஸ்நானம் கேட்டாங்க, பைபிளை வச்சுக் கேள்வி கேட்டாங்க. போதகர்களுக்கு அது சங்கடமாச்சு. இவங்களை எங்க அனுப்புறது? அந்தக் கேள்வியோட பக்த் சிங்கும் உடன் ஊழியர்களும் பல்லாவரம் மலையில ஏறி ஒரு ராத்திரி முழுக்க ஜெபிச்சாங்க. எந்த மிஷனும் சேராத, புதிய ஏற்பாட்டு மாதிரியில ஒரு சபைங்கிற தெளிவோட இறங்கி வந்தாங்க. 1941 ஜூலையில மெட்ராஸ்ல "யெகோவா ஷம்மா" ஆரம்பமாச்சு. கர்த்தர் அங்கே இருக்கிறார்னு அர்த்தம்.

அங்க எல்லாரும் பாய்ல, தரையில உட்கார்ந்தாங்க. ஆராதனை மணிக்கணக்கா போகும். அச்சடிச்ச முறைமை கிடையாது. யாராவது ஜெபத்தை ஆரம்பிக்கிறவரைக்கும் காத்திருப்பாங்க. முடிஞ்சதும் அன்பின் விருந்து, எல்லா ஜாதிக்காரங்களும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும். என்னைக் கேட்டா, அந்த மலையில கிடைச்ச பதில்லயே ரொம்ப கனமான பகுதி இந்தப் பந்திதான். 1941 மெட்ராஸ்ல பக்கத்துல யார் உட்கார்றாங்கங்கிறது சின்ன விஷயம் இல்ல.

ஆனா ஒரு முடிச்சு இருக்கு, அதைத் தாண்டிப் போக முடியாது. எந்தச் சங்கத்துலயும் சேராம எல்லாருக்கும் ஊழியம் செய்னு 1932-ல கேட்டவர், 1941-ல தனிச் சபை ஆரம்பிக்கிறார். ஏற்கெனவே இருக்கிற பிரிவுகளோட இன்னொண்ணு சேர்ந்தது, அவ்வளவுதான்னு சொன்னவங்க உண்டு. அவர் தரப்புல, இது பிரிவு இல்ல, பிரிவுகளுக்கு வெளிய வர்றதுன்னு பதில். ரெண்டுலயும் நியாயம் இருக்கிறதா எனக்குத் தோணுது.

அசரியா பக்கம் பாருங்க. சபைகள் ஒண்ணாகணும்கிறதுதான் தேவ சித்தம்னு அவர் அதே உறுதியோட நம்பினார். ஒருத்தருக்கு ஒரு ராத்திரி, இன்னொருத்தருக்கு கால் நூற்றாண்டு. ஒருத்தருக்குக் கிடைச்ச பதில் வெளிய வா, இன்னொருத்தருக்கு ஒண்ணு சேர். சரித்திரம் எழுதுறவங்களால எது கடவுள் குரல்னு சொல்ல முடியாது. அந்தக் குரலுக்காக யார் என்ன விலை கொடுத்தாங்கன்னு மட்டும்தான் பார்க்க முடியும். பக்த் சிங்குக்குப் பல பிரசங்க மேடைகளோட கதவு மூடுச்சு. அசரியாவுக்குத் தான் உழைச்சதைக் கண்ணால பார்க்கிற பாக்கியம் கிடைக்கல. 1945 ஜனவரி 1-ல அவர் இறந்துட்டார். தென்னிந்தியத் திருச்சபை, நம்ம சி.எஸ்.ஐ., மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்துல பிறந்தது 1947 செப்டம்பர் 27. பக்த் சிங் 2000 செப்டம்பர்ல ஹைதராபாத்ல இறந்தப்போ, அவர் வழி வந்த சபைகள் நாடு முழுக்க நூற்றுக்கணக்குல இருந்தது.

அடுத்த எபிசோட்லயும் பல்லாவரத்துலதான் இருக்கப் போறோம், ஆனா 1863-க்குப் போறோம். ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்க குனிஞ்சு எடுத்த ஒரு கல்லைப் பத்திப் பேசலாம்.