அரிய நூலும் எளிய வாயிலும்: காண்டை விளக்கியோர் வரலாறு

அறிவு நூல்கள் இருவகைப்படும். படித்த அளவில் பொருள் விளங்குவன ஒருவகை. பன்முறை படித்தும் பொருள் பிடிபடாது நிற்பன மற்றொரு வகை. பின்னதற்கு உலகறிந்த சான்று, செருமானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட் இயற்றிய 'தூய அறிவின் திறனாய்வு' என்னும் நூலாகும். அந்நூலுக்கு வாயில் அமைத்தோர் யாவர், அவ்வாயில்கள் எத்துணை உறுதி வாய்ந்தவை என்பனவற்றை ஈண்டுக் காண்போம். நாம் மெய்யியல் வல்லுநர் அல்லேம். பகலெல்லாம் கோப்புகளோடு உறவாடி, மாலையில் நூலகம் நாடும் கூட்டத்தைச் சேர்ந்தோம். ஆயினும், வல்லுநர் அல்லாதார்க்கு ஓர் அரிய நூல் எவ்வாறு கிட்டியது என்னும் இவ்வரலாறு நம்மைப் போன்றோர்க்கே உரியது.

நூலின் பிறப்பு

காண்ட் 1724ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அந்நகர் கலினின்கிராடு என்னும் பெயரோடு உருசிய நாட்டில் உள்ளது. தந்தையார் குதிரைகளுக்கு வார் முதலியன செய்யும் தொழிலாளர். 1770இல் காண்ட் பேராசிரியர் ஆனார். அதன் பின்னர்ப் பத்தாண்டுக் காலம் பெருநூல் ஒன்றும் அவரிடமிருந்து வரவில்லை. 1781இல் ரீகா நகரப் பதிப்பாளர் ஹார்ட்நாக், 856 பக்கங்கள் கொண்ட 'திறனாய்வு' நூலை வெளியிட்டார்.

பன்னிரண்டு ஆண்டுச் சிந்தனையை நான்கைந்து மாதங்களில் விரைந்து எழுதியதாகவும், பொருளில் வைத்த கருத்தை நடையின் எளிமையில் வைக்கவில்லை எனவும் காண்டே 1783இல் மோசஸ் மெண்டல்சோனுக்கு எழுதிய மடலில் ஒப்புக்கொண்டார். மெண்டல்சோன் அந்நாளில் புகழ்மிக்க மெய்யியலறிஞர். அவரே இந்நூல் தம் நரம்பின் வலிமையை உறிஞ்சுகிறது என்று கூறிப் படிப்பை ஒத்திவைத்திருந்தார் எனின், ஏனையோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

நூல் நுவலும் பொருள்

நூலின் மையக் கருத்தை நம் அலுவலக வாழ்வினின்று ஓர் உவமையால் விளக்க முயல்வோம். அரசு அலுவலகம் ஒன்றிற்கு வரும் விண்ணப்பம் யாவும் அச்சிட்ட படிவத்திலேயே வருதல் வேண்டும். பெயர், நாள், ஊர் என அதில் கட்டங்கள் உள்ளன. நாட்டின் எம்மூலையிலிருந்து விண்ணப்பம் வரினும், அதில் நாளும் ஊரும் இருக்கும் என்று உறையைப் பிரிக்கும் முன்னரே எழுத்தர் சொல்லிவிடலாம். விண்ணப்பதாரர் எல்லோரையும் நேரில் கண்டறிந்து அவர் அவ்வாறு கூறவில்லை. படிவத்தின் அமைப்பை அறிந்திருத்தலால் கூறுகிறார்.

நம் அறிவும் இத்தகையதே என்றார் காண்ட். இடம், காலம் என்பன நம் புலனறிவின் படிவங்கள். காரண காரிய உறவு முதலானவை நம் சிந்தனை வழங்கும் கட்டங்கள். ஆதலின், இனி நாம் காணப்போகும் பொருள் எதுவாயினும் அது காலத்திலும் இடத்திலும், காரணத்தோடு கூடியே தோன்றும் என்று முன்னரே உறுதியாகக் கூற இயலும். ஆனால் அப்படிவத்திற்கு அப்பால் பொருள் தன்னளவில் எத்தகையது என்பதை நாம் அறிய இயலாது. கடவுள், உயிர் ஆகியவற்றை வெறும் வாதத்தால் நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

இவ்வுவமைக்கும் எல்லை உண்டு. அலுவலகப் படிவத்தை ஆணை பிறப்பித்து மாற்றிவிடலாம். அறிவின் படிவத்தை மாற்றுதல் நம் கையில் இல்லை. விண்ணப்பதாரரை என்றேனும் நேரில் காணலாம். பொருளைத் தன்னளவில் ஒருநாளும் காண்டல் இயலாது. எளிமைப்படுத்துவோர் எங்கு நிற்றல் வேண்டும் என்பதை இவ்வெல்லை காட்டுகிறது. அது தவறியபோது என்ன நேர்ந்தது என்பதை அடுத்து நோக்குவோம்.

பிழையான சுருக்கம்

1782 சனவரியில் கோட்டிங்கன் நகர அறிவிதழில் இந்நூலுக்கு மதிப்புரை ஒன்று எழுதியவர் பெயரின்றி வெளிவந்தது. கார்வே என்னும் அறிஞர் விரிவாக எழுதியதை இதழாசிரியருள் ஒருவரான ஃபேடர் வெட்டிச் சுருக்கி மாற்றியிருந்தார். உலகம் வெறும் மனத் தோற்றமே என்று கூறும் பார்க்லியின் கொள்கையோடு காண்டின் கருத்தை அது ஒப்பிட்டது. நம் உவமையில் கூறின், படிவம் மட்டுமே உண்டு, விண்ணப்பதாரரே இல்லை என்று காண்ட் சொன்னதாகப் பொருள் கொண்டது.

காண்ட் சினங்கொண்டார். 1783இல் 'முன்னுரைகள்' என்னும் சிறுநூலை வெளியிட்டு, அம்மதிப்புரைக்கு விடையும் தந்தார். இதில் அவர் வழியை மாற்றினார். கணிதமும் இயற்கை அறிவியலும் ஐயமின்றி நம்மிடம் உள்ளன. அவை எவ்வாறு இயல்வன ஆயின என்று தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிச் சென்றார். எனினும் இச்சிறுநூல் மாணாக்கருக்கன்று, வருங்கால ஆசிரியர்களுக்கே என்று அவரே குறித்தார். ஆசிரியரே அமைத்த வாயிலும் சற்று உயரமாகவே அமைந்துவிட்டது.

வாயில் அமைத்த மூவர்

முதலாமவர் கோனிக்ஸ்பெர்க் அரசவைச் சமயகுரு யோஹான் ஷூல்ட்ஸ். 1784இல் மூலநூலின் வரிசை பிறழாது ஒரு விளக்கநூல் தந்தார். இரண்டாமவர் ஷ்மிட். 1786இல் மூலத்தின் சுருக்கத்தோடு, காண்டின் கலைச்சொற்களுக்கு ஓர் அகராதியையும் சேர்த்து வெளியிட்டார்.

மூன்றாமவரே நாட்டையே திருப்பியவர். ரைன்ஹோல்ட் என்னும் அவர் வியன்னாவில் பிறந்தவர். துறவியர் மடத்தில் வாழ்ந்து, 1783இல் அதனை விட்டு நீங்கி, வைமர் நகருக்கு வந்தவர். கவிஞர் வீலாண்டு நடத்திய திங்களிதழில் 1786 ஆகஸ்டு முதல் 1787 செப்டம்பர் வரை, காண்டின் மெய்யியல் பற்றி எட்டு மடல்கள் எழுதினார். காலம், இடம் என்னும் கடினமான அடித்தளத்திலிருந்து அவர் தொடங்கவில்லை. அறிவு பெரிதா, நம்பிக்கை பெரிதா என்று அந்நாளில் கற்றோரிடையே எழுந்திருந்த வழக்கை எடுத்துக்கொண்டு, அதற்குத் தீர்ப்பு காண்டிடம் இருக்கிறது என்று காட்டினார். படிப்போர் நெஞ்சில் முன்னரே இருந்த கேள்வியே அவர் வாயிற்படி ஆயிற்று. 1787இல் யேனா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. காண்டும் 1788இல் அவ்விதழிலேயே அவரைப் பாராட்டி எழுதினார்.

வாயிலே வீடாகுமோ?

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. 1789இல் ரைன்ஹோல்ட், காண்டின் நூலுக்கு இன்னும் ஆழமான அடித்தளம் வேண்டும் எனக் கருதித் தாமே ஒரு கொள்கையை வகுத்தார். யேனாவில் அவருக்குப் பின் வந்த ஃபிக்டே மேலும் நெடுந்தொலைவு சென்றார். 1799இல், எழுபத்தைந்து வயதில், காண்ட் வெளிப்படையாக அறிக்கை விடுத்து ஃபிக்டேயின் கொள்கையை மறுத்தார். தம் நூலை அதன் சொற்படியே பொருள் கொள்ள வேண்டும் என வற்புறுத்தினார். விளக்க வந்தோர் மூலத்தைக் கடந்து சென்ற வேளையில், முதியவர் தம் நூலின் எழுத்தையே துணைக்கு அழைத்தார்.

நம் மரபில் இதற்குப் பழகிய தீர்வு ஒன்று உண்டு. அதே 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், சிவஞானபோதத்தின் பன்னிரு நூற்பாக்களுக்குச் சிற்றுரையும் எழுதினார். மாபாடியம் எனப்படும் பேருரையும் எழுதினார். தொடங்குவோர்க்கு ஒன்று, தேர்ந்தோர்க்கு ஒன்று. இரண்டிலும் மூலம் நடுவே நிற்கிறது. படிப்போர் எந்நேரமும் உரையை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தாயகம் விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. நம் மக்கள் பலர் குறளையும் சிலம்பையும் சுருக்கங்கள் வாயிலாகவே, அதுவும் பிறமொழியில், அறிகின்றனர். அதனைக் குறை கூறுதல் தகாது. வாயில் இன்றி எவரும் வீட்டினுள் நுழைதல் இல்லை. ஆனால், தடித்த கோப்பின் மேல் வைத்த ஒரு பக்கக் குறிப்பைப் படித்தே கையொப்பமிடும் அதிகாரி எத்தகைய இடர்ப்பாட்டிற்கு ஆளாவார் என்பதை நாம் நன்கறிவோம். ஆகவே, எளிய நூல் ஒன்றை முடித்த மாலையிலேயே மூலத்தின் ஒரு பக்கத்தையேனும், ஒரு குறளையேனும், பிள்ளைகளோடு அமர்ந்து வாய்விட்டுப் படிப்போமாக. விளங்காத சொல் ஒன்று எதிர்ப்படின் அங்கே சற்று நிற்போம். உரை தேவைப்படும் இடம் அதுவே.