திண்டுக்கல்லும் திரித் துப்பாக்கியும்

2010 முதல் 2013 வரை அமெரிக்காவின் ஹிஸ்டரி சேனலில் 'டாப் ஷாட்'னு ஒரு போட்டி வந்தது. குறிபார்த்துச் சுடுறவங்க கையில் பழங்காலத்து ஆயுதங்களையும் கொடுத்துப் பார்ப்பாங்க. எனக்கு உடனே நம்ம மலைக்கோட்டைதான் நினைவுக்கு வரும்.

1755-இல் மைசூர் பவுஜ்தாராகத் திண்டுக்கல் வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களை வச்சு இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். அவர் அடக்க வந்த பாளையக்காரர் ஆட்களிடம் இருந்த துப்பாக்கி பெரும்பாலும் திரித் துப்பாக்கி. குழலுக்குள் மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு இடிக்கணும். பக்கத்துக் கிண்ணியில் கொஞ்சம் மருந்து தூவணும். விசையை இழுத்தால் புகையும் திரி அதில் வந்து படும். கண்ணுக்கு நேரே குப்பென்று பற்றும், ஒரு கணம் கழித்துத்தான் குண்டு கிளம்பும். அந்த ஒரு கணம் கை அசையக்கூடாது! மழையில் திரி அணையும். ராத்திரியில் அதே கங்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கம்பெனி சிப்பாயின் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்குத் திரி வேண்டாம். ஆனா அதுவும் உள்ளே மரையில்லாத குழல்தான். நூறு கஜம் தாண்டினால் தனி ஆளைக் குறிவைப்பது வீண். அதனாலதான் வரிசையா நின்று ஒரே நேரத்தில் சுட்டாங்க.

1790 ஆகஸ்டில் கம்பெனிப் படை பீரங்கியால் மதிலைப் பிளந்து ஏறியது. உள்ளே இருந்தவங்க அடிச்சு விரட்டிட்டாங்க. மறுநாள் காலை அவங்களே கோட்டையை ஒப்படைச்சாங்க.