ரோசாப்பூ துரை



ஆபிரகாம் லிங்கன் இல்லினாய் மாநிலத்தில் வழக்கறிஞராயிருந்த நாட்களைப் பற்றி ஒரு கதை வழங்கிவருகிறது. இரண்டரை டாலர் கடனுக்காக ஓர் ஏழையின்மேல் வழக்குத் தொடுக்கும்படி ஒருவர் வந்தாராம். லிங்கன் பத்து டாலர் கட்டணம் வாங்கி, அதில் பாதியை அந்தக் கடனாளிக்கே கொடுத்தாராம், கடன் தீர்ந்தது. பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படும் கதைதான். ஆனால் அத்தகைய வழக்கறிஞரைத் தேடி நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

1887இல் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஜோசப், இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று மதுரையில் தொழில் நடத்த வந்தார். செல்வம் சேர்க்க எல்லா வாய்ப்பும் இருந்தது. அவரோ 1918இல் இங்குள்ள ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்க முன்னின்றார். ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது வருமானம் மிகுந்த தொழிலையே விட்டுச் சிறைக்கும் சென்றார். ஆனாலும் ஏழைகள் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக.

குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறமலைக் கள்ளர்மேல் அது முதன்முதலாக 1914இல் பாய்ந்தது கீழக்குயில்குடியில். நம் பசுமலைக்கு அருகே, சமணர் மலையைப் பார்க்க நாம் போகிறோமே, அதே ஊர். ஆண்கள் கைரேகை வைக்கவேண்டும்; இரவில் காவலர் கண்ணெதிரே படுத்துறங்கவேண்டும்; வெளியூர் செல்ல அநுமதிச் சீட்டு வேண்டும். திருடியவனுக்கு மட்டுமல்ல, உழுது பிழைத்தவனுக்கும் இதே கதி. பட்டிராத கடனொன்று பிறப்பிலேயே அவன் பெயரில் எழுதப்பட்டிருந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் காவல்துறை சுட்டதில் 16 பேர் மாண்டனர்.

அந்த மக்களுக்காக ஜார்ஜ் ஜோசப் கட்டணம் பெறாமல் வழக்காடினார். அச்சட்டம் அநீதியென்று எழுதினார், பேசினார். ஊரார் ஒதுங்கிப்போன மனிதரோடு தம் பெயரைச் சேர்த்துக்கொள்வது ஒரு பாரிஸ்டருக்கு இலேசான காரியமா? ஒநேசிமுவுக்காகப் பரிந்து எழுதிய பவுல், அவன் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி பிலேமோனைக் கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வேதாகமம் 'பரிந்து பேசுகிறவர்' என்று அழகாகச் சொல்கிறது. பேசுவது கல்வியால் வரும். பரிவது அப்படி வருவதில்லை.

அவர் அந்தப் போராட்டத்தின் முடிவைக் காணவில்லை. 1938 மார்ச்சில், ஐம்பதாம் வயதில், மதுரையில் காலமானார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல்தான்.

கோட்டில் ரோசாப்பூ செருகும் வழக்கமுடையவர் என்பதால் கிராமத்தார் அவரை 'ரோசாப்பூ துரை' என்றழைத்தனர். உசிலம்பட்டிப் பக்கம் தங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று, ஆண் பிள்ளைகளுக்கும்கூட, பெயரிட்டார்கள்.