பஸ்பிரோன்: காப்பாற்றப்பட்ட ஒரு வாக்குறுதியின் கதை

1954-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வாஹ் இலங்கையை நோக்கிக் கப்பலேறினார். குளிரிலிருந்தும் தூக்கமின்மையிலிருந்தும் சற்று விலகியிருந்து, பாதியில் நின்ற நாவலை முடித்துவிடலாம் என்பது அவரது எண்ணம். கப்பலிலோ அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. தன்னைப் பழிக்கும், மிரட்டும், தனக்கெதிராகச் சதி செய்யும் குரல்கள். வழியிலேயே இறங்கி விமானம் பிடித்துக் கொழும்பு சென்றார். குரல்களும் உடன் சென்றன. இங்கிலாந்து திரும்பிய பிறகே காரணம் தெரிந்தது. தூக்கத்துக்காக அவர் அருந்திவந்த மருந்திலிருந்த புரோமைடு உடலில் சேர்ந்து நஞ்சாகியிருந்தது. அந்த அனுபவம் 1957-ல் 'கில்பர்ட் பின்ஃபோல்டின் சோதனை' என்ற நாவலாயிற்று.

பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகளின் வரலாற்றில் வாஹின் அனுபவம் விதிவிலக்கன்று என்பதுதான் வருத்தத்துக்குரியது. அந்த வரலாறு ஒரே வாக்குறுதி மீண்டும் மீண்டும் அளிக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் முறிந்த வரலாறு. 'இது முந்தையதைப் போன்றதல்ல, இது பழக்கமாகாது, இது தீங்கு செய்யாது' என்பதே அந்த வாக்குறுதி. இறுதியில் ஒரு மருந்து அதைப் பெரும்பாலும் காப்பாற்றியது. பஸ்பிரோன் என்பது அதன் பெயர். வாக்கைக் காப்பாற்றிய அந்த மருந்துக்கு நேர்ந்ததைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம். அதற்கு முன், முறிந்த வாக்குறுதிகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

புரோமைடு உப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொடை. உட்கொண்டதில் பாதி உடலைவிட்டு வெளியேறவே ஏறத்தாழ 12 நாட்களாகும். ஆகவே நாள்தோறும் உட்கொள்பவரின் குருதியில் அது படிப்படியாகச் சேர்ந்துகொண்டே போகும். அதனிலும் மேலானவை என்று வந்தவை பார்பிட்யூரேட்டுகள். எமில் ஃபிஷரும் ஜோசஃப் ஃபான் மேரிங்கும் 1903-ல் அறிவித்த பார்பிட்டால், வெரோனல் என்ற பெயரில் ஐரோப்பாவின் படுக்கையறைகளை எட்டியது. உறக்கம் தரும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையே இம்மருந்துகளில் இருந்த இடைவெளி மிகக் குறுகியது. 1962-ல் மர்லின் மன்றோவின் மரணம் அதை உலகுக்கு நினைவூட்டியது. மருத்துவ உலகம் அதற்கு வெகுகாலம் முன்பே அதை அறிந்திருந்தது.

அடுத்த வாக்குறுதி தற்செயலாகப் பிறந்தது. செக் நாட்டிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்த ஃபிராங்க் பெர்கர், பென்சிலினைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை ஒடுக்க ஒரு வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். சோதித்த பொருட்களில் ஒன்றான மெஃபனிசின், சிறு விலங்குகளை நினைவு தப்பாமலேயே தசை தளரக் கிடத்தியது. 1946-ல் அதைப் பற்றி அவர் எழுதினார். பின்னர் அமெரிக்கா சென்று, வேதியியலாளர் பெர்னார்ட் லட்விக்குடன் சேர்ந்து 1950-ல் மெப்ரோபமேட்டை உருவாக்கினார். 1955-ல் அது நியூ ஜெர்சியின் ஒரு சிற்றூர்ப் பெயரைத் தழுவி 'மில்டவுன்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. மருந்துக்கடைகள் 'மில்டவுன் தீர்ந்துவிட்டது' என்று அறிவிப்புப் பலகை வைக்கும் அளவுக்கு விற்றது. பார்பிட்யூரேட்டைப் போன்றதல்ல என்பதே அதன் புகழுக்குக் காரணம். சில ஆண்டுகளிலேயே, நீண்டகாலம் உட்கொண்டவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரக்கூடும் என்பது தெரிந்துவிட்டது. ஐரோப்பிய மருந்து முகமை 2012-ல் அதன் விற்பனையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது.

மில்டவுனின் அரியணையைப் பறித்தவை பென்ஸோடையஸபைன்கள். ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் நியூ ஜெர்சி ஆய்வகத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் கைவிட்டிருந்த ஒரு சேர்மம், 1957-ல் மேசையை ஒழுங்குபடுத்தும்போது அகப்பட்டுச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. அதுவே 1960-ல் லிப்ரியமாக விற்பனைக்கு வந்தது. 1963-ல் அதன் தம்பி வாலியம். மிகை அளவிலும் தனித்து உயிரைப் பறிப்பது அரிது என்ற வகையில் இவை உண்மையான முன்னேற்றமே. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிகுதியாக விற்ற மருந்து வாலியம்தான்.

அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மூளையில் பென்ஸோடையஸபைன்கள் சென்று பொருந்தும் ஏற்பிகள் கண்டறியப்பட்டது 1977-ல். லிப்ரியம் கடைக்கு வந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின். மூளையின் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் முதன்மையான வேதிப்பொருள் காபா. நரம்பணுவின் மேலுள்ள காபா ஏற்பி ஒரு கதவு; காபா வந்து அமர்ந்தால் கதவு திறந்து குளோரைடு அயனிகள் உட்புகும், நரம்பணு அமைதியடையும். பென்ஸோடையஸபைன் அக்கதவைத் தானே திறப்பதில்லை. காபா வரும்போது அது இன்னும் எளிதாகத் திறக்கும்படி செய்கிறது. காபா மூளையெங்கும் பரவியிருப்பதால் விளைவும் எங்கும் பரவுகிறது: பதற்றம் தணிகிறது, தசை தளர்கிறது, தூக்கம் வருகிறது, வலிப்பு அடங்குகிறது, நினைவு மங்குகிறது. இத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள். நாளடைவில் மூளை இந்த மிகை அடக்கத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பிறகு மாத்திரையை நிறுத்தினால், திருத்திக்கொண்ட மூளை தடையின்றிப் பொங்குகிறது. பழைய பதற்றம் பன்மடங்காகத் திரும்புவதோடு, வலிப்பும் வரக்கூடும். நெடுநாள் உட்கொண்டவர்கள் மருத்துவரின் துணையோடு சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

1979-ல் அமெரிக்க செனட்டில் எட்வர்ட் கென்னடி தலைமையில் இம்மருந்துகளைப் பற்றி விசாரணை நடந்தது. வாலியத்தைத் திடீரென நிறுத்திச் சிதைந்த தன் அனுபவத்தைத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பார்பரா கார்டன் அதே ஆண்டு நூலாக எழுதினார். மூன்றாவது வாக்குறுதியும் இவ்வாறு முறிந்தது.

பஸ்பிரோன் அரங்கேறுவது இந்தப் பின்னணியில். இதுவும் வேறெதற்கோ செய்யப்பட்ட மருந்துதான். மீட் ஜான்சன் நிறுவனத்தில் 1968-ல் உருவாக்கப்பட்டபோது, மனச்சிதைவுக்கான மருந்தாக அது கருதப்பட்டது. அந்த நோயில் அது தேறவில்லை. ஆனால் விலங்குச் சோதனைகளில், மூர்க்கமான குரங்குகளை மந்தப்படுத்தாமலேயே சாந்தப்படுத்தியது. 1979-ல் கோல்ட்பர்க், ஃபினர்ட்டி ஆகிய இருவரும் பதற்ற நோயாளிகளிடம் அதை வாலியத்தின் மூலப்பொருளான டையஸபாமோடு ஒப்பிட்டு, பலன் ஏறத்தாழ ஒன்றே என்று அறிவித்தனர். 1986 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது.

பஸ்பிரோன் காபா பக்கமே செல்வதில்லை. அது நாடுவது செரடோனினின் ஏற்பிகளில் ஒன்றை. 5-ஹெச்டி-1ஏ என்பது அதன் பெயர். இவ்வேற்பி இரு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மூளைத்தண்டில் செரடோனினை உற்பத்தி செய்யும் நரம்பணுக்களின் மீதே. அங்கு அதன் வேலை கண்காணிப்பு: செரடோனின் மிகுந்தால் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும். மற்றொன்று, செரடோனினைப் பெற்றுக்கொள்ளும் பகுதிகளான ஹிப்போகாம்பஸிலும் புறணியிலும். பஸ்பிரோன் முதலில் கண்காணிப்பு ஏற்பிகளை வலுவாகத் தூண்டுவதால் செரடோனின் நரம்பணுக்கள் ஒடுங்குகின்றன. நாட்கள் செல்லச் செல்ல அந்தக் கண்காணிப்பு ஏற்பிகள் மரத்துப்போகின்றன. நரம்பணுக்கள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன. பெறும் பகுதிகளிலோ அது பகுதித் தூண்டி மட்டுமே. அதாவது செரடோனின் குறைவாக உள்ள இடத்தில் சற்றுக் கூட்டியும், மிகுந்த இடத்தில் அதன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சற்றுக் குறைத்தும் சமன் செய்கிறது. இந்த மறுசீரமைப்புக்கு நேரம் வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆவதற்கு இதுவே காரணம் என்று கருதப்படுகிறது.

உடலில் அதன் பயணமும் எளிதன்று. விழுங்கியதில் ஏறத்தாழ 4 விழுக்காடே மாறாமல் குருதியை அடைகிறது. மற்றதைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே உருமாற்றிவிடுகின்றன. அடைந்ததும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். எனவே நாளுக்கு இரண்டு மூன்று வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டும். வழிமறிக்கும் அந்த நொதியைக் கிரேப்ஃப்ரூட் பழச்சாறு முடக்குவதால், அதோடு சேர்த்து அருந்தினால் குருதியில் மருந்தின் அளவு பல மடங்கு உயரும். தலைசுற்றல், குமட்டல், தலைவலி ஆகியன அதன் பொதுவான பக்கவிளைவுகள்.

இனி, அது செய்யாதவற்றின் பட்டியல். தூக்கம் தராது. தசையைத் தளர்த்தாது. வலிப்பை அடக்காது. கிளர்ச்சியோ கிறக்கமோ தராது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் கார்ல் ரிக்கல்ஸும் குழுவினரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு குளோரஸபேட் என்ற பென்ஸோடையஸபைனும் மறுபிரிவினருக்குப் பஸ்பிரோனும் ஆறு மாதங்கள் தரப்பட்டுப் பின் திடீரென நிறுத்தப்பட்டன. முதற்பிரிவினர் நிறுத்தியதன் அவதியை அனுபவித்தனர். பஸ்பிரோன் பிரிவினரிடம் அது காணப்படவில்லை. நான்கு தலைமுறை மருந்துகள் அளித்து முறித்த வாக்கு இங்கே காப்பாற்றப்பட்டிருந்தது.

ஆயினும் அதே ஆய்வில் சிகிச்சையை இடையிலேயே கைவிட்டவர்கள் பஸ்பிரோன் பிரிவில்தான் அதிகம். முன்பே பென்ஸோடையஸபைனை அறிந்தவர்களிடம் பஸ்பிரோன் குறைவாகவே பலனளிக்கிறது என்பதையும் பிற ஆய்வுகள் காட்டின. இதற்கு மருந்தியல் சார்ந்த ஒரு விளக்கம் உண்டு. காபா ஏற்பியைத் தொடாத பஸ்பிரோனால், பென்ஸோடையஸபைனை விட்டவரின் அவதியைத் தணிக்க இயலாது. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றுக்கு மாறியவர், அந்த அவதியைப் புதிய மாத்திரையின் தோல்வியாகவே எண்ணிக்கொள்வார். இன்னொரு விளக்கம் மருந்தியலுக்கு வெளியே இருக்கிறது என்று தோன்றுகிறது. வாலியத்தை அறிந்தவருக்கு அமைதி என்பது உடலில் நிகழும் ஒரு சம்பவம். தோள்கள் இறங்கும், மூச்சு நீளும், உலகம் ஓரடி பின்வாங்கும். அச்சம்பவம் நிகழாவிடில் மருந்து வேலை செய்யவில்லை என்பதே அவரது முடிவு. பஸ்பிரோன் தரும் அமைதிக்கோ நிகழும் கணம் என்று ஒன்றில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், வழக்கமாகக் கவலைப்படும் வேளையில் கவலைப்படாமல் இருந்ததை மாலையில்தான் ஒருவர் கவனிக்கிறார். பலர் அதையும் கவனிப்பதில்லை.

இங்கு ஒரு முரண் தென்படுகிறது. ஒரு மருந்தை அடிமைப்படுத்தும் மருந்தாக்குவது பெரும்பாலும் அதன் வேகமும், அது வந்துசேர்வதை நாம் உணர்வதும்தான். இவ்விரண்டையும் நீக்கினால் அடிமைத்தனம் நீங்கும். நோயாளியின் நம்பிக்கையும் கூடவே நீங்கிவிடுகிறது. நூறாண்டுகளாக மக்கள் கேட்டது பழக்கமாகாத அமைதியை. கையில் கிடைத்தபோது அதை அமைதியென்று அவர்களால் அடையாளம் காண முடியவில்லை.

பஸ்பிரோனைத் தியாகியாக்குவதும் நமது நோக்கமன்று. அது எளிய மருந்து. நெடுநாள் நீடிக்கும் பொதுவான பதற்ற நோய்க்கே பயன்படுகிறது. திடீரென நெஞ்சைக் கவ்வும் பீதித் தாக்குதலுக்கு அது உதவுவதாக உறுதிப்படவில்லை. அவசரத்துக்கு அது உதவவே உதவாது. 1987 இறுதியில் ஒப்புதல் பெற்ற புரோஸாக்கும் அதன் வழிவந்த மருந்துகளும் செரடோனின் வழியாகவே பதற்றத்தையும் மனச்சோர்வையும் சேர்த்துக் கவனிக்கத் தொடங்கியபின், பஸ்பிரோன் அவற்றோடு துணைக்குச் சேர்க்கும் மருந்தாகப் பெரும்பாலும் ஒதுங்கியது. அந்தப் புதிய மருந்துகளும் பலன் தர வாரக்கணக்கில் எடுத்துக்கொள்பவையே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, காத்திருக்கச் சொன்னதால் மட்டுமே பஸ்பிரோன் தோற்றது என்று சொல்லிவிட முடியாது. பதற்றத்துக்கு உடனடி மாத்திரை உண்டு என்று முன்பே கற்பிக்கப்பட்ட மக்களிடம் அது காத்திருக்கச் சொன்னது என்பதே பொருத்தமாக இருக்கும்.

பென்ஸோடையஸபைன்கள் இன்றும் பெருமளவில் எழுதித்தரப்படுகின்றன. உயிர்காக்கும் தருணங்கள் அவற்றுக்கு உண்டு. வலிப்பு நிற்காத நோயாளிக்கு அவற்றைவிட விரைந்த துணை வேறில்லை. கவலை என்று வந்தவருக்கு முதல் நாளே அதைக் கொடுப்பது நோயாளிக்கு நிறைவளிக்கிறது. மருத்துவருக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 'மூன்று வாரம் பொறுங்கள், ஒன்றும் தெரியாது, ஆனால் நிறுத்தாதீர்கள்' என்று விளக்க அதைவிட நேரம் பிடிக்கும். கப்பலில் குரல் கேட்ட நாவலாசிரியரிடம் அவரது மருந்தைப் பற்றி அவ்வளவு நேரம் யாரேனும் பேசியிருந்தால், நமக்கு ஒரு நாவல் குறைந்திருக்கும். அவருக்கு அந்தக் கடற்பயணம் கடற்பயணமாகவே இருந்திருக்கும்.