பஞ்ச்-ட்ரங்க்: குடிக்காதவனுக்கு வந்த போதை

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்திதான். பஞ்ச்-ட்ரங்க். நாள் முழுக்க மீட்டிங்ல உட்கார்ந்துட்டு வெளியே வர்றவங்க "இன்னிக்கு நான் பஞ்ச்-ட்ரங்க்"னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. வரிசையாகத் தோற்கும் ஒரு டீமைப் பத்தி பத்திரிகைகள் இப்படி எழுதும். அடி மேல அடி வாங்கி, என்ன நடக்குதுன்னே புரியாம தள்ளாடுற நிலை.

நமக்கு பஞ்ச்னா முதல்ல டயலாக்தான் ஞாபகம் வரும். பார்ட்டியில கிண்ணத்துல ஊத்தி வைக்கிற பஞ்ச்சும் இது இல்லை. இது நிஜமான குத்து. குத்து வாங்கியே வந்த போதை.

பாக்ஸரைக் குடிகாரன்னு சொல்ற முதல் வார்த்தையும் இது இல்லை. 1740-ல் பிரிட்டிஷ் கடற்படையில் வெர்னன் என்ற அட்மிரல், மாலுமிகளுக்குக் கொடுக்கும் ரம்மில் தண்ணீர் கலக்கச் சொன்னார். அந்தக் கலவைக்கு க்ரோக்னு பேர் வந்தது. அதைக் குடிச்சுட்டு ஆடுறவன் க்ராகி. பிறகு ரிங்கில் கால் தடுமாறும் பாக்ஸரையும் க்ராகின்னாங்க. இப்போ தூக்கம் கலையாம எழுந்தாலே நாம க்ராகி. ஆனா க்ராகி என்பது அந்த நேரத்துத் தடுமாற்றம். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும். பஞ்ச்-ட்ரங்க் தெளியாது. சண்டையை விட்டுப் பல வருஷம் ஆன ஒருத்தர் தெருவில் காலை இழுத்து இழுத்து நடப்பார், பேச்சு குழறும், கை நடுங்கும். ரிங்கைச் சுத்தி உட்கார்ந்திருந்தவங்க இதைப் பார்த்துப் பார்த்து வச்ச பேர்தான் அது. பாதி அனுபவ அறிவு, பாதி கிண்டல்.

அந்தக் கிண்டலை சீரியஸா எடுத்துக்கிட்ட ஆள் ஹாரிசன் மார்ட்லேண்ட். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரில் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். கடிகார முகப்பில் ரேடியம் பெயின்ட் பூசிய பெண் தொழிலாளிகள் எதனால் செத்தாங்கன்னு நிரூபிச்சதும் இவர்தான். 1928 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இவர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே 'பஞ்ச் ட்ரங்க்'. ரசிகர்களுக்கும் ப்ரமோட்டர்களுக்கும் ரொம்ப நாளாத் தெரிஞ்ச ஒரு விஷயம் டாக்டர்களுக்குத் தெரியலைங்கிறதுதான் கட்டுரையின் தொடக்கம். அவருக்கு 23 பாக்ஸர்களின் பட்டியலைக் கொடுத்ததும் ஒரு ப்ரமோட்டர்தான். யார் யாருக்கு இப்படி ஆகியிருக்குன்னு ஆஸ்பத்திரி ஃபைல்ல இல்லை, சண்டை ஏற்பாடு பண்றவர் மனசுல இருந்தது. தெரிஞ்சும் அடுத்த மேட்ச் நடந்துக்கிட்டேதான் இருந்தது.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தின இடம் ஒண்ணு உண்டு. யாருக்கு இது அதிகம் வருதுன்னு மார்ட்லேண்ட் சொல்றார்: தற்காப்பு தெரியாம, ஒரு நாக்-அவுட்டுக்காகத் தலையில் குத்து வாங்கிக்கிட்டே முன்னேறுறவங்க. அப்புறம், பெரிய வீரர்களுக்குப் பயிற்சிக்காக நிக்கிற இரண்டாம் நிலை ஆட்கள். ஸ்பாரிங் பார்ட்னர்கள். ஒரே நாளில் பல தடவை கீழே விழுறதுதான் அவங்க வேலை. போஸ்டரில் அவங்க பேர் வராது.

1937-ல் மில்ஸ்பா என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர் இதற்கு ஒரு லத்தீன் பேர் வைத்தார்: டிமென்ஷியா புஜிலிஸ்டிகா. 'புஜில்' என்றால் லத்தீனில் குத்துச்சண்டைக்காரன். கிண்டல் போச்சு, மரியாதை வந்தது. ஆனா நோயின் பேரிலேயே பாக்ஸர் உட்கார்ந்துட்டார். கோட் எழுதுறவங்களுக்கு இது பழகின சிக்கல். ஒரு பக்-க்கு ஏதோ ஒரு மாட்யூல் பேரை டேக் போட்டுட்டா, அதே பக் வேற இடத்துல வந்தாலும் யாரும் அங்கே தேட மாட்டாங்க.

லண்டனில் 1969-ல் ராபர்ட்ஸ் என்ற மருத்துவர் 224 முன்னாள் தொழில்முறை பாக்ஸர்களைப் பரிசோதித்தார். 37 பேருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, பாதிப்பு இருந்தது. 1973-ல் கோர்செலிஸ் குழு 15 பாக்ஸர்களின் மூளைகளை வெட்டிப் பார்த்து சேதத்தை விவரித்தது. எல்லாமே பாக்ஸர்கள்.

2002 செப்டம்பரில் மைக் வெப்ஸ்டர் இறந்தார். வயது 50. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக நாலு சூப்பர் பவுல் ஜெயித்த அமெரிக்கன் ஃபுட்பால் வீரர். கடைசிக் காலத்தில் சில நாட்கள் தன் வண்டியிலேயே படுத்துக் கிடந்தவர். நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அவர் மூளையை ஆராய்ந்தார். பாக்ஸர்களிடம் மட்டும் தேடிய நோய் இங்கே ஒரு ஃபுட்பால் வீரரிடம் இருந்தது. 2005-ல் ஒமாலு கட்டுரை வெளியிட்டதும், அமெரிக்க ஃபுட்பால் லீக்கின் மருத்துவக் குழு உறுப்பினர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் இந்தத் தொடர்பைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 2016-ல்தான்.

வெப்ஸ்டர் இறந்த அடுத்த மாதம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு ஒரு படம் வந்தது: 'பஞ்ச்-ட்ரங்க் லவ்'. பால் தாமஸ் ஆண்டர்சன் இயக்கம், ஆடம் சாண்ட்லர் ஹீரோ. நல்ல படம், எனக்குப் பிடிக்கும். அதில் பஞ்ச்-ட்ரங்க்னா காதலில் தலை சுத்துறது. வார்த்தை அவ்வளவு தூரம் வந்திருந்தது.

இதுக்கு நடுவில் ஃப்ளாய்ட் பேட்டர்சனைச் சொல்லணும். 1956-ல் ஆர்ச்சி மூரைத் தோற்கடித்து ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். பிறகு நியூயார்க் மாநிலத்தில் பாக்ஸிங்கைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைவர். 1998-ல் ஒரு வழக்கில் வாக்குமூலம் கொடுக்கும்போது, சாம்பியன் பட்டத்தை யாரிடமிருந்து ஜெயித்தார் என்று கேட்டார்கள். மூரின் பேர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. கொஞ்ச நாளில் பதவி விலகினார்.

இப்போ மருத்துவத்தில் இதன் பேர் க்ரானிக் ட்ராமேட்டிக் என்செஃபலோபதி, சுருக்கமா சி.டி.இ. பேரில் பாக்ஸர் இல்லை, குடியும் இல்லை. ஆனா இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்துத்தான் இன்னும் இதை உறுதிப்படுத்த முடியும். உயிரோட இருக்கிற ஒரு பழைய ஸ்பாரிங் பார்ட்னர் கைநடுக்கத்தோட வந்து நின்னா, "இருக்கலாம்"னு மட்டும்தான் டாக்டரால சொல்ல முடியும்.