தலைமுறை முத்திரை

தலைமுறை முத்திரை என்பது, இளமையில் கண்ட அரசியல் ஆயுள் முழுதும் ஒருவரின் சார்பைத் தீர்மானிப்பது. சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928இல் இதைக் கோட்பாடாக்கினார். அமெரிக்க வாக்காளர் ஆய்வொன்று 14 முதல் 24 வரையான வயதே ஆழப் பதியும் பருவம் என்கிறது.

கேரளத் தமிழரிடம் இம்முத்திரை வயதுக்கு வயது, ஊருக்கு ஊர் மாறுகிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அப்போது இளைஞராக இருந்தவருக்கு அரசியல் என்றால் மொழியும் எல்லையும். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’யாகத் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துப் போராடினார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கூலிதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் அந்த முதல் கேள்வி தண்ணீர். அங்குள்ள பிளாச்சிமடையில் 2000இல் கோக்கோ கோலா ஆலை தொடங்கியது. அதன் பிறகு கிணற்று நீர் குடிக்கவோ சமைக்கவோ உதவாமல் போனது. பெண்கள் குடத்தோடு தொலைதூரம் நடந்தார்கள். ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரல் 22இல் தொடங்கிய போராட்டத்தின் முகம், எரவாளர் பழங்குடியின் மயிலம்மா. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. அம்மாவின் இடுப்புக் குடத்தைப் பார்த்து வளர்ந்தவரிடம் கட்சிக்கொடி பிறகுதான் பேசும்.