நீலத் தண்ணீரில் ஒரு சொட்டு

நான் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்தவள். கல்லூரி தொடங்கியது 1965இல். பாளையங்கோட்டை ஆட்களுக்கு அந்த ஆஸ்பத்திரி இன்றும் 'ஐகிரவுண்டு'தான். காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் முன்பெல்லாம் ஊருக்கு ஊர் உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, 1998 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை.

பிறகு? ராத்திரி அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கக் கூப்பிடு தூரத்தில் இருந்தது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நாங்கள்தானே! விரலைக் குத்தி, ஒரு சொட்டை நீலக் காப்பர் சல்பேட் கரைசலில் விடுவோம். மூழ்கினால் ரத்தம் கொடுக்கப் படுக்கலாம். மிதந்தால் ரத்தம் பத்தாது என்று அர்த்தம். நர்ஸ் பிள்ளைகள் நிறையப் பேருக்கு மிதக்கும். டீயும் பன்னுமாக ஓடுகிற உடம்பு, வேறென்ன செய்யும்? எனக்கே மூன்று தடவை மிதந்தது. நாலாவது தடவை மூழ்கியது. 350 மில்லி கொடுத்துவிட்டு மைக்ராஸ்கோப்புக்குத் திரும்பினேன்.